நாற்பதுக்குப் பிறகு கம்பம் ஏறலாமா?

விடிகாலை ஐந்தரை மணிக்கு ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கோ வண்டியூர் தெப்பக்குளத்துக்கோ போனால், மதுரையின் நடுவயது மொத்தமும் அங்கே நடந்துகொண்டிருக்கும். சர்க்கரைக்காக நடப்பவர்கள், பிரஷருக்காக நடப்பவர்கள், முட்டிவலி வந்துவிடக் கூடாதே என்று நடப்பவர்கள், வந்த பிறகும் விடாமல் நடப்பவர்கள். சேலைக்கு ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டு வரும் பெண்களை யாரும் இப்போது திரும்பிப் பார்ப்பதில்லை. 2023 நவம்பர் 4ஆம் தேதி தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை வகுக்கப்பட்டது. நடுவயதுக்கு உடற்பயிற்சி வேண்டும் என்பதில் ஊருக்கும் அரசுக்கும் இன்று கருத்து வேறுபாடு இல்லை.

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. நடை, காலுக்கும் இதயத்துக்கும் வேலை கொடுக்கிறது. கையும் தோளும் முதுகும் சும்மா கூட வருகின்றன. இவற்றுக்கு வேலை கொடுக்கும் வழிகளில் பழமையானது, நிமிர்ந்து நிற்கும் ஒன்றைப் பிடித்துத் தன் எடையைத் தானே தூக்குவது. மேலைநாடுகளில் ‘போல் ஃபிட்னஸ்’ என்ற பெயரில் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களும் எஃகுக் கம்பத்தில் பழகுகிறார்கள். நம்மிடம் மல்லர்கம்பம் இருக்கிறது. இது நடுவயதுக்கு ஆகுமா, எந்த அளவுக்கு ஆகும், மதுரை போன்ற ஊரில் அதற்கு வழி உண்டா என்பதே இங்கே கேள்வி.

முடிவை முன்பே சொல்லிவிடலாம். கம்பத்தின் பலனில் பெரும்பகுதி, தலைகீழாகத் தொங்கும் வித்தைகளுக்கு வெகுமுன்பே, தரையை ஒட்டிய முதல் சில மாதப் பயிற்சியிலேயே கிடைத்துவிடுகிறது. ஆபத்தில் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. நடுவயதுக்காரருக்கு வேண்டியது அந்த முதல் பகுதி மட்டுமே. அதைத் தரும் வகுப்புக்குத்தான் பஞ்சம்.

கை தளர்ந்தால் என்ன?

முப்பது வயதைத் தாண்டிய பின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது என்பது மருத்துவத்தில் பரவலாக வழங்கும் கணக்கு. ஊறுகாய் பாட்டில் மூடி திறக்க மறுப்பதும், கேஸ் சிலிண்டரை நகர்த்த மகனைக் கூப்பிடுவதும் அதன் முதல் அறிகுறிகள். ‘வயசாகுதுல்ல’ என்று நாம் அதைக் கடந்துவிடுகிறோம்.

கடக்கக் கூடாது என்கின்றன ஆய்வுகள். இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ‘ப்யூர்’ ஆய்வின் முடிவு 2015இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. கைப்பிடி வலு ஐந்து கிலோ குறையும் ஒவ்வொரு படிக்கும், எந்தக் காரணத்தாலும் இறக்கும் வாய்ப்பு 16 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. கையைப் பலப்படுத்தினால் ஆயுள் நீளும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. உடம்பு முழுவதின் தசை நிலையைக் கை காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். ஆசியர்களுக்கான தசைக்குறைவு வல்லுநர் குழு 2019இல் வகுத்த எல்லைப்படி, கைப்பிடி அளவு ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே போனால் தசை வலுக் குறைவு.

மதுரை வட்டாரத்துக்கு இதில் தனியாக ஒரு கவலை உண்டு. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் – இண்டியாப் ஆய்வு, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவில் வாங்கிக்கொள்வது தசைதான். தசை குறைந்தால் சர்க்கரைக்குப் போக இடம் குறைகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியோடு நிறுத்திவிடவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது எல்லாப் பெரிய தசைகளுக்கும் வலுப்பயிற்சி வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறது. நம் ஊரில் முதல் பாதி பரவிவிட்டது; இரண்டாம் பாதி காதில் விழவே இல்லை.

முன்பு அதைத் தனியாகச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. கிணற்றில் வாளி இறைத்த தலைமுறை, கைமாற்றிக் கைமாற்றிக் கயிறு இழுப்பதைத் தினமும் செய்தது. ஆட்டுக்கல்லும் உரலும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. மோட்டாரும் கிரைண்டரும் வந்து முதுகொடியும் வேலையிலிருந்து பெண்களை விடுவித்தது நல்லதே. ஆனால் இழுக்கும் அசைவு அதோடு வாழ்க்கையிலிருந்தே போய்விட்டது. ஜிம்முக்குப் போகாத நடுவயதுப் பெண் ஒருவர், தலைக்கு மேலே உள்ள எதையாவது பிடித்துத் தன் எடையைத் தாங்கிப் பல பத்தாண்டு ஆகியிருக்கும்.

கம்பத்தின் கிளைகள்

கம்பம் என்றதும் இரவு விடுதி ஆட்டம்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. எஃகுக் கம்பப் பயிற்சியின் அண்மைக்கால ஊற்று அதுதான், மறைக்க வேண்டியதில்லை. 1990களில் வட அமெரிக்காவில் விடுதிக்கு வெளியே வகுப்புகளாகப் பரவி, பின்னர் போட்டி விளையாட்டாக உருவெடுத்தது. சர்வதேசக் கம்ப விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டிகளில் நாற்பது, ஐம்பது வயது தாண்டியவர்களுக்கென்றே தனிப் பிரிவுகள் உள்ளன. கலிஃபோர்னியாவின் கிரெட்டா பொன்டரெல்லி கம்பத்தில் முதன்முதலாகக் கைவைத்தது 59 வயதில். அதற்குப் பிறகுதான் உலகப் பட்டங்கள் வென்றார்.

மல்லர்கம்பம் இதற்குப் பல நூற்றாண்டு மூத்தது. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் அறியப்படும் 12ஆம் நூற்றாண்டு நூலான மானசோல்லாசத்தில் மல்லர்களின் கம்பப் பயிற்சி பற்றிய குறிப்பு உண்டு. பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் காலத்தில் பாலம்பட்ட தாதா தேவ்தர் அதற்குப் புத்துயிர் கொடுத்தார் என்பது மராட்டிய மரபு. மற்போர் வீரன் எதிராளியைப் பிடித்துப் பழகுவதற்குப் பதிலாகக் கம்பத்தைப் பிடித்துப் பழகினான். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கை ஒட்டி அமராவதியிலிருந்து போன குழு அதைச் செய்து காட்டியது. 1981இல் முதல் தேசியப் போட்டி உஜ்ஜயினியில் நடந்தது. 2019 பிப்ரவரியில் முதல் உலகப் போட்டி மும்பை சிவாஜி பூங்காவில் நடந்தது. அங்குள்ள சமர்த் வியாயாம மந்திரில் பல பத்தாண்டுகளாகக் கற்பித்துவரும் உதய் தேஷ்பாண்டேவுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் மல்லர்கம்பம் என்றால் விழுப்புரம். அந்த ஊர்ப் பிள்ளைகள் தேசியப் போட்டிகளில் தொடர்ந்து பெயர் வாங்குகிறார்கள். பல்லவர் காலத்தோடு இக்கலையை முடிச்சுப் போடும் பேச்சு இங்கே செல்வாக்கோடு இருக்கிறது. மாமல்லன் என்ற பட்டப்பெயரை மட்டும் வைத்து அவ்வளவு தூரம் போக முடியாது. போகவும் தேவையில்லை, இன்று நன்றாக நடக்கிற கலைக்குப் பழமைச் சான்றிதழ் எதற்கு?

மதுரைச் சமவெளிக்கு வேறு கம்பங்கள் உண்டு. கிராமங்களில் கிருஷ்ண ஜெயந்தியின்போது உறியடியோடு நடக்கும் வழுக்குமரம், இளவட்டங்களின் பந்தயம். சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கத் தென்னந்தோப்புகளில் மரமேறுவது தொழில். பனையேறுவோர் இன்னும் நுணுக்கமானவர்கள். காலிரண்டையும் தளைநாரால் கோத்து, முருக்குத்தடியைச் சாய்த்து முதல் உயரத்தைக் கடந்து, மார்பை மரத்தோடு அணைத்து, உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளுவார்கள். கையின் வேலை பிடிப்பது மட்டும். எடையை ஏற்றுவது காலும் இடுப்பும். எஃகுக் கம்பத்தில் இன்று முதல் பாடமாகச் சொல்லித்தரப்படுவதும் இதுவேதான். பனையேறியின் மார்பில் தோல் காய்த்துப்போயிருப்பதையும், விழுந்தவர்களின் குடும்பங்களையும் நினைத்தால், இந்தத் தொழிலை உடற்பயிற்சி என்று கொண்டாட மனம் வராது. கற்றுக்கொள்ள வேண்டியது அதன் உத்தியை.

ஆய்வுகள் எதுவரை துணை வரும்?

எஃகுக் கம்பப் பயிற்சி பற்றிய நேரடி ஆய்வுகள் குறைவு. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகக் குழு ஒன்று, தேர்ந்த ஆட்டக்காரர்கள் 14 பேரை ஒரு மணி நேர வகுப்பில் அளந்து, அது மிதமான தீவிரமுள்ள பயிற்சியின் கணக்கில் சேரும் என்று கண்டது. விறுவிறு நடைக்கு ஈடான இதய வேலையும், நடையில் இல்லாத தசை வேலையும் ஒரே வகுப்பில் கிடைக்கின்றன என்று கொள்ளலாம். ஆனால் அளக்கப்பட்டவர்கள் பழகியவர்கள். ஐம்பது வயதில் புதிதாகச் சேரும் மேலூர் டீச்சருக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. அதே துறை ஆய்வுகளில் அதிகம் அடிபடுவதாகப் பதிவானவை தோளும், தொடையின் பின்தசையும்.

நடுவயதுக்கு நெருங்கிய சான்று வேறு திசையிலிருந்து வருகிறது. ஆஸ்திரேலியாவின் ‘லிஃப்ட்மோர்’ ஆய்வு, எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்களைக் கொண்டு நடந்து 2018இல் வெளியானது. அவர்களில் ஒரு பிரிவினர் வாரம் இருமுறை, முறைக்கு அரை மணி நேரம், எட்டு மாதம் கனமான பளு தூக்கினார்கள். அவர்களின் கீழ்முதுகு எலும்பு அடர்த்தி சராசரியாக 2.9 சதவீதம் கூடியது; வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. அந்தப் பயிற்சியில் ஒன்று, குதித்துக் கம்பியைப் பற்றி மேலேறித் தரையில் இறங்குவது. எலும்பு தேய்ந்தவர்கள் எதையும் தூக்கக் கூடாது என்ற பழைய அறிவுரையை இந்த ஆய்வு அசைத்துவிட்டது. ஆனால் எல்லாம் பயிற்சியாளரின் கண்முன்னே நடந்தது என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

ரத்த அழுத்தத்தில் கதை இரு பக்கமும் போகிறது. 270 ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வந்த மதிப்பீடு, அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் பயிற்சிகளே ஓய்வுநிலை அழுத்தத்தை நன்றாகக் குறைப்பதாகச் சொன்னது. கம்பத்தில் தொங்குவது அந்த வகைதான். ஆனால் பிடித்திருக்கும் அந்த நேரத்தில் அழுத்தம் எகிறும், மூச்சை அடக்கினால் இன்னும் எகிறும். மாத்திரையால் கட்டுக்குள் வராத பிரஷர் உள்ளவர் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும்.

முதல் மூன்று மாதம்

நல்ல ஆசிரியர் முதல் நாள் யாரையும் ஏறவிட மாட்டார். கம்பத்தின் பக்கத்தில் நிற்கவைத்து, நெற்றி உயரத்தில் ஒரு கை, மார்பு உயரத்தில் ஒரு கை வைக்கச் சொல்வார். பிறகு முழங்காலை மடக்கி மெல்ல உட்கார வேண்டும். எடையில் பாதி காலில், பாதி கையில். சில விநாடியிலேயே முன்கை எரியும். தோள் காதுவரை ஏறிவரும். ‘தோளை இறக்குங்கம்மா’ என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். கைப்பலம் எல்லாம் அப்புறம். தோள்பட்டை எலும்பைக் கீழே இழுத்து நிறுத்தத் தெரிவதே முதல் பாடம். அது வராமல் தொங்கினால் எடை முழுவதும் மூட்டின் ஜவ்வில் விழும்.

அடுத்து, ஸ்டூலில் நின்றபடியே மேல் கம்பியைப் பிடித்துப் பாதி எடையில் தொங்குதல். பத்து விநாடியில் தொடங்கி முப்பதுவரை. பிறகு தொடையால் கம்பத்தைக் கவ்விக்கொண்டு தரைக்கு ஒரு சாண் மேலே இருத்தல். கடைசியில் இறங்குதல். ஏறுவதைவிட மெதுவாக இறங்குவதுதான் தசையைக் கட்டும். வழுக்கி இறங்கினால் தோல் போவதுதான் மிச்சம். தொடையின் உட்புறத்தில் முதல் வாரங்களில் நீலம் பாய்வது சகஜம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் இதை டாக்டரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது.

இரண்டு வகுப்புக்கு நடுவே இரண்டு நாள் இடைவெளி நல்லது. தசை சில வாரத்தில் பழகிவிடும், தசைநாண் பழக மாதங்கள் பிடிக்கும். ‘இன்னிக்கு நல்லா வருதே’ என்று கூடுதலாக நாலு தடவை செய்பவர்தான் மறுவாரம் முழங்கை வலியோடு பிசியோதெரபி வாசலில் நிற்பார். எண்பது கிலோ எடை உள்ளவருக்கும் ஐம்பத்தைந்து கிலோ எடை உள்ளவருக்கும் ஒரே பாடம் சரிவராது. முன்னவருக்கு ரப்பர் பட்டையின் தாங்கல் பல மாதம் தேவைப்படலாம். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

மதுரை வெயில் தனிப் பாடம். எஃகுக் கம்பத்தில் வியர்வைக் கை நிற்காது. அதனால் சித்திரை, வைகாசியில் விடிகாலை வகுப்பைத் தவிர வேறு வழியில்லை. மல்லர்கம்பத்தில் தேக்கு அல்லது நூக்கு மரத்தில் விளக்கெண்ணெய் பூசுவார்கள். தோல் உராய்ந்து கிழியாமல் இருக்க அது வேண்டும். எஃகுக்குப் பிசுபிசுப்பு, மரத்துக்கு வழவழப்பு. ஒன்றில் பழகிய கை மற்றதில் புதிதாகத்தான் தொடங்க வேண்டும்.

யார் விலகி நிற்க வேண்டும்?

தோள் மூட்டு இறுகிக் கை தூக்க வராத உறைதோள் உள்ளவர்கள் தொங்கக் கூடாது. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில்தான் அது அதிகம் வருகிறது. நீரிழிவு உள்ளவர்களை இன்னும் அதிகமாகத் தேடி வருகிறது. கை மேலே தூக்க வராத நிலையில் கம்பியைப் பிடித்து ‘இழுத்துவிட்டால் சரியாகும்’ என்று செய்வது, எரிகிற தீயில் எண்ணெய்.

இரண்டாவதாக, கண். சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், சிரசாசனம் செய்யும் 75 பேருக்குத் தலைகீழாக இருக்கும்போது கண் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்கானது தெரிந்தது. கம்பத்தில் தலைகீழாகும்போதும் உடம்பின் நிலை அதேதான். கண்ணழுத்த நோய் உள்ளவர்களும், சர்க்கரையால் விழித்திரை கெட்டவர்களும் தலைகீழ் பக்கமே போகக் கூடாது. 1976இல் பதினொரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய ஊர் இது. விழித்திரைப் பரிசோதனைக்கு மதுரைக்காரர் வெளியூர் போக வேண்டியதில்லை. பத்தாண்டாகச் சர்க்கரை இருந்தும் கண்ணைக் காட்டாதவர், கம்பத்துக்கு முன் அங்கே போகட்டும்.

முதுகெலும்பு ஏற்கெனவே நொறுங்கியவர்கள், கழுத்து எலும்புத் தேய்வால் கை மரத்துப்போகிறவர்கள், இருமினாலே சிறுநீர் கசிகிற அளவுக்கு இடுப்பின் அடித்தளத் தசை தளர்ந்த பெண்கள் ஆகியோரும் முதலில் பிசியோதெரபி பார்ப்பதே முறை. கடைசியாகச் சொன்ன தொல்லையைப் பற்றி அக்கா தங்கைகூடப் பேசிக்கொள்வதில்லை. பயிற்சியால் பெரும்பாலும் குறையக்கூடியது என்பதாலேயே அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊர்ப்பேச்சு

‘இந்த வயசுல எதுக்குக்கா இதெல்லாம்? விழுந்து இடுப்பொடிஞ்சா யார் பாக்குறது?’ இந்தக் கேள்வியில் பாதி நியாயம். விழாமலிருக்க ஏற்பாடு வேண்டும்: கனமான மெத்தை, பக்கத்தில் நிற்கத் தெரிந்த ஒரு கை, தலை உயரத்துக்கு மேல் போகாத பாடம். மீதிப் பாதி, பெண்ணின் உடம்பு பொது இடத்தில் தொங்குவதைப் பற்றிய சங்கடம்.

அந்தச் சங்கடம் வெளிநாட்டு விடுதியிலிருந்து வந்தது மட்டும் இல்லை. கயிற்றில் நடந்து வித்தை காட்டிய பெண் நற்றிணையிலேயே வருகிறாள். கழைக்கூத்தாடிகள் மதுரைத் தெருக்களில் மூங்கில் நட்டு ஆடியதைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாய்பிளந்து பார்த்த கூட்டம், ஆடியவளைத் திண்ணையில் உட்காரவிட்டதில்லை. கம்பத்தில் ஏறும் பெண்ணைத் தாழ்வாகப் பார்க்கும் பழக்கம் நம்முடையதும்தான். அதை ‘மேல்நாட்டுக் கலாசாரம்’ என்று தள்ளிவிட்டுத் தப்பிக்க முடியாது.

உடை நிஜமான பிரச்சினை. எஃகைத் தொடைத் தோல்தான் பிடிக்கும். அதனால் குட்டைக் கால்சட்டை தேவையாகிறது. பிடிமானம் ஒட்டிய முழுக் கால்சட்டைகள் இப்போது வருகின்றன. முழு உடையோடு செய்ய வசதியானது கயிறு. மல்லர்கம்பத்தின் கயிற்றுப் பிரிவில் பெண்கள் உடலை ஒட்டிய முழு உடையில்தான் பழகுகிறார்கள். துணியில் தொங்கும் பயிற்சிக்கும் லெக்கிங்ஸும் டீஷர்ட்டும் போதும். நாற்பத்தைந்து வயதில் வெட்கப்பட்டு விலகுவதைவிடக் கயிற்றில் தொடங்குவது நல்லது. தோளுக்கும் கைக்கும் அதில் குறைவில்லாத வேலை உண்டு.

வகுப்பு யாருக்கு?

எஃகுக் கம்பக் கூடங்கள் மும்பை, பெங்களூரு போன்ற பெருநகரங்களை நம்பி வளர்ந்தவை. கட்டணமும் அந்த ஊர்க் கணக்குதான். மல்லர்கம்பத்துக்கோ அரசின் ஆதரவு இருக்கிறது. 2020இல் மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் அது சேர்ந்தது. 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை என நான்கு ஊர்களில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியிலும் அது இடம்பெற்றது. இவை எல்லாம் பதினெட்டு வயதுக்குள் பதக்கம், பிறகு சான்றிதழ், பிறகு வேலை என்ற பாதைக்காகப் போடப்பட்டவை. பிள்ளையைக் கொண்டுவந்து விடும் தாய், ஒன்றரை மணி நேரம் வெளித்திண்ணையில் போன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே இருக்கும் கம்பம் அவருக்கும் வேண்டியதுதான் என்று அவரும் நினைப்பதில்லை, பயிற்சியாளரும் நினைப்பதில்லை.

மாற்றுவதற்குப் பெரிய செலவு இல்லை. பயிற்சிக்கூடம் இருக்கும் இடத்தில் வாரம் இரண்டு நாள், நாற்பது தாண்டியவர்களுக்கென்று ஒரு மணி நேரம். சேர்க்கும் முன் ரத்த அழுத்தம், சர்க்கரை, கண், தோள் என நான்கு கேள்வி உள்ள ஒரு படிவம். கைப்பிடி வலு அளக்கும் கருவி ஒன்று. எண் கண்ணுக்குத் தெரிந்தால் ஆர்வம் தானே வரும். தலைகீழ் பாடம் கிடையாது என்று சுவரில் எழுதிவிடலாம். கூடமே இல்லாத ஊரில், நடைபாதைக்குப் பக்கத்தில் வெவ்வேறு உயரத்தில் மூன்று கம்பிகளும் ஒரு தொங்குகயிறும் போதும்; கால் தரையில் ஊன்றியபடி பிடிக்கும் உயரத்தில் ஒன்றாவது இருக்க வேண்டும். பூங்காக்களில் இப்போதுள்ள கம்பிகள் பெரும்பாலும் இளைஞர் எட்டிக் குதிக்கும் உயரத்தில் நிற்கின்றன. நடுவயதுப் பெண்ணால் தொடவே முடியாத கம்பி அவருக்கு எதற்கு?

ஆகவே, நாற்பதுக்குப் பிறகு கம்பம் ஏறலாமா என்ற கேள்விக்கு விடை: தோளும் கண்ணும் பிரஷரும் இடம் கொடுத்தால் பிடிக்கலாம், தொங்கலாம், ஓர் ஆள் உயரம்வரை ஏறி மெதுவாக இறங்கலாம். அதற்கு மேல் போவது அவரவர் ஆசை; உடல்நலம் அதைக் கேட்கவில்லை. நடைபாதைக்குக் கொடுத்த அக்கறையில் கால்வாசியைக் கைக்கும் கொடுத்தால், ரேஸ்கோர்ஸில் எட்டு கிலோமீட்டர் நடப்பவர் எழுபது வயதில் தன் சிலிண்டரைத் தானே நகர்த்திக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு.